துண்டுக்குள் பதினேழு கைகள்

கோமதி, சங்கரா, சின்னவளே,

நான் பம்பாயிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் மூன்று பேருமாக என்னைப் பிய்த்துத் தின்கிறீர்கள். அங்கே என்ன பார்த்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று. கடல் பார்த்தேன் என்றேன். அதுதான் தூத்துக்குடியிலேயே கிடக்கிறதே என்றாள் கோமதி. மாடி வைத்த பஸ் பார்த்தேன் என்றேன். சங்கரன் அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். சின்னவள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் இல்லை என்று அழுதாள். ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என்னைத் திருத்த வேண்டாம், நேரம் தாண்டிவிட்டது.

போன காரியம் உங்களுக்குத் தெரியும். நம் ஜின்னிங் பாக்டரி முதலாளியின் கருங்கண்ணிப் பருத்தி இந்த வருஷம் கோவில்பட்டியில் விலைபோகவில்லை. பம்பாயில் ஒரு கிரேக்கக் கம்பெனி வாங்குகிறது என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். “மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டி முடிச்சிட்டு வாரும்” என்றார், தெரு முனையில் வெற்றிலை வாங்கி வரச் சொல்லுகிறவர் போல. முடிக்காமல் வந்தால் என் நாற்காலியில் அவருடைய மருமகன் உட்காருவான் என்று அவர் வாயால் சொல்லவில்லை. நல்ல மனிதர். மருமகனை அழைத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து உயரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

பம்பாய் வெளிதேசம் இல்லை என்று சங்கரனின் பூகோளப் புத்தகம் சொல்லும். அதை எழுதினவர் வடாலா ஸ்டேஷனில் ரயில் ஏறியிருக்க மாட்டார்.

முதல் நாள் தாராவி. உங்கள் பெரியசாமி மாமாவின் பலசரக்குக் கடைக்கு மேலே வீடு. பம்பாயில் எல்லாம் ரேஷன். அரிசியைக் கண்ணில் காட்டிவிட்டுக் கோதுமையைக் கையில் கொடுக்கிறார்கள். அத்தை அந்தக் கோதுமையில் தோசை வார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் இரண்டு வைத்தாள். உபசாரமாகப் பொய் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதை நீங்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மாமா என்னை உட்காரவிடவில்லை. “மாப்ளே, நம்மூர் முனிசிபாலிட்டில அந்தப் பயல எதுக்குவே சேர்மனா ஆக்குனிய?”

“நான் எங்க மச்சான் ஆக்குனேன்? எனக்கு ஓட்டே கெடையாதே.”

“ஓட்டு இல்லன்னா என்ன, வாய் இல்லயா? இங்க இருந்துக்கிட்டு நாங்க கேக்கலயா?”

கேட்டிருக்கிறார்கள். மாமா ஊர்ப்பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் நம் தெருக் குழாயில் தண்ணீர் வராததைக் கண்டித்துத் தாராவியில் கூட்டம் போட்டு, மூன்று தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியிருக்கிறார். குழாய் அதை இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் நாள் காட்டன் கிரீன். பஞ்சுக் கிடங்குகளும் பஞ்சுக் கம்பெனிகளும் அங்கேதான். மாமா வழி சொன்னார்: “வடாலால ஏறுங்க, ரெண்டாவது ஸ்டேஷன். கூட்டம், இங்க கர்தின்னு சொல்லுவானுவ, ஜாஸ்தியா இருக்கும், பயப்படாதிய. ஏறுறதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், அவனுவளே ஏத்திருவானுவ. எறங்குறதுக்கும் அப்படித்தான்.”

முதல் பாதி பலித்தது. ஏற்றிவிட்டார்கள். இறங்குகிற இடத்தில் என்னை ஒருவரும் தள்ளவில்லை. உள்ளே ஏறுகிறவர்கள்தான் தள்ளினார்கள். அந்த நெருக்கலில் மாதிரிப் பொட்டலத்தின் காகிதம் கிழிந்தது. காற்று உள்ளே புகுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் மீசை இல்லாதவர் எவரும் இல்லை. எல்லோருக்கும் வெள்ளை மீசை. ஒரு பார்சிக் கிழவர் தொடர்ச்சியாகத் தும்மினார். நம் கருங்கண்ணி எவ்வளவு மெல்லிய இழை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். “தலையணைக் கடையை எவன்டா வண்டியில் ஏற்றினது?” என்று ஒருவர் இந்தியில் கத்தினார். அடுத்த ஸ்டேஷனில் எல்லோருமாகச் சேர்ந்து என்னை இறக்கினார்கள். மாமா சொன்னதும் பொய்யில்லை, ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பலித்தது.

திரும்பி நடந்துபோய்ச் சேர்ந்தேன். கிரேக்கன் என்றால் சங்கரனின் சரித்திரப் புத்தகத்தில் குதிரை மேல் வருகிறவனைப் போல இருப்பான் என்று எண்ணியிருந்தேன். மாதிரி அறையில், வடக்கு ஜன்னலோரம், தொப்பையும் காது நிறைய மயிருமாக ஒரு கிழவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் ஸ்பீரோ. வருகிற பஞ்சையெல்லாம் தரம் பார்க்கிறவர் அவர்தான். கிழிந்த பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வாங்க அண்ணாச்சி. கோயில்பட்டியா? அங்க ஒரு வெயில் உண்டே, இன்னும் இருக்கா?”

பிள்ளைகளே, நான் அசந்துபோனேன். இளவயதில் ஒன்பது வருஷம் தூத்துக்குடியில் பஞ்சு வாங்கியிருக்கிறார் மனிதர். நம் பக்கத்துச் சந்தை ஒன்று பாக்கி இல்லை. அவர் தமிழில் வழுக்கி விழுகிற இடம் நிறைய உண்டு; ஆனால் விழுந்த இடம் நம்மூர் மண்.

ஒரு பிடி பஞ்சை எடுத்து இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்தார். இழுத்ததை அடுக்கி மறுபடி இழுத்தார். தலை சீவினது போல இழை வரிசையாக வந்ததும், முழங்காலில் விரித்திருந்த கறுப்புத் துணியில் படுக்கவைத்துக் கண்ணைச் சுருக்கினார். பிறகு பொட்டலத்துக்குள் கையை விட்டு மோந்தார்.

“எடைக்குத் தண்ணி தெளிச்சியளா?”

“மார்கழிப் பனி” என்றேன்.

“அண்ணாச்சி, பனி மேலருந்து விழும். இது உள்ள நனைஞ்சிருக்கு.” கையைத் துடைத்துக்கொண்டார். “பஞ்சு நல்ல பஞ்சு. ஒங்க மொதலாளிதான் ஈரம்.”

நல்ல தரம் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் வாங்குவதற்கு உத்தரவு தரவேண்டியவர் கம்பெனிக்குச் சொந்தக்காரரான ஸ்தெபானு துரை. அவரைப் பார்க்க முடியாது, இரண்டு நாளாக அரசியலில் இருக்கிறார் என்றார் அங்கே தலைமைக் குமாஸ்தாவாக இருக்கும் விசுவநாதன். பாலக்காட்டுக்காரர், மாடுங்காவில் வாசம். கிரேக்கரிடம் இருபத்தைந்து வருஷம் திட்டு வாங்கியதில் அவருக்குக் கிரேக்க பாஷை தானாகவே வந்துவிட்டது.

“என்ன அரசியல்?” என்றேன்.

“கேட்டேளா, அவா ஊரை ஜெர்மன்காரன் பிடிச்சு வெச்சிருந்தான். ஜனங்க பட்டினி கெடந்து தெருவுல விழுந்து செத்தா, நம்ம வங்காளத்துல ஆனாப்பல. ஒரு கூட்டம் மலையில ஏறிண்டு அவனோட சண்டை போட்டுது. இப்போ ஜெர்மன்காரன் போயாச்சு. ரட்சிக்க வந்தேன்னு இங்கிலீஷ்காரன் வந்து, மலையிலேர்ந்து எறங்கினவாளையே சுடறான்.”

“எதுக்கு?”

“அவா ராஜா வேண்டாங்கறா. ராஜா லண்டன்ல சௌக்யமா இருக்கார்.”

“ஜெர்மன்காரனோட ராஜா சண்டை போட்டாரா?”

“அதைக் கேக்கப்படாது ஓய். அதைக் கேட்டதுதான் இத்தனை வினை.”

பம்பாய்க் கிரேக்கர்களும் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். லண்டனுக்கு ஒரு தந்தி அனுப்பவேண்டும் என்கிறார் ஸ்பீரோ: சுடுவதை நிறுத்துங்கள், ராஜா வேண்டுமா வேண்டாமா என்று ஜனங்களே சொல்லட்டும். ஸ்தெபானு துரை ராஜா கட்சி. அப்படி ஒரு தந்தியில் கையெழுத்துப் போட்டவன் கம்பெனியின் மாதிரி அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். துரையின் லைசென்ஸ் எல்லாம் இங்கிலீஷ்காரன் கொடுத்தது. ஸ்பீரோவும் விடவில்லை. பொதுக்கூட்டம் கூட்டுங்கள், கூட்டம் ஒப்புக்கொண்டால் எல்லோர் பெயராலும் போகட்டும், இல்லாவிட்டால் என் ஒருவன் பெயரால் அனுப்புவேன் என்றுவிட்டார். அறுபது வயதுக்கு மேல் ஆனவருக்கு இன்னொரு மாதிரி அறையும் வடக்கு ஜன்னலும் யார் கொடுப்பார்கள்? அது அவருக்கும் தெரியும்.

கோட்டைப் பக்கம் இருந்த அவர்களுடைய கிளப்பைப் பட்டாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால் விசுவநாதன் தாம் காரியதரிசியாக இருக்கும் மாடுங்கா பஜனை சபை மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். “நீரும் வாரும். துரை கண்ணுல பட்டுண்டே இரும். உத்தரவு சுருக்கக் கெடைக்கும்” என்றார். என் நாற்காலியை நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு. காலையில் பஜனை நடந்த மண்டபம். வாசலில் கோலம். செருப்போடு உள்ளே வரக்கூடாது என்பது சபையின் சட்டம். விசுவநாதன் தம் சொந்தத் துரைக்குக்கூட அதைத் தளர்த்தவில்லை. பதினேழு கிரேக்கர்கள் வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்கள். ராஜா கட்சி, ஜனங்கள் கட்சி இரண்டுக்கும் காலுறையில் ஓட்டை ஒரே இடத்தில்தான் இருந்தது. கடைசியாக ஒரு மராத்திக்காரர் வந்தார். சாதா உடுப்புப் போலீஸ். உடுப்புதான் சாதா, கீழே போலீஸ் பூட்ஸ். அவரும் கழற்றிவிட்டு, என் பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

பெண்கள் நாலைந்து பேர் ஓரமாக இருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. அதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை. ஒரு கிண்ணத்தில் எண்ணெயில் ஊறின நாவல்பழம் மாதிரி ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். கடித்தேன். உப்பு, கசப்பு, நடுவே கல்லாட்டம் கொட்டை. “இதை நெனைச்சுண்டுதான் அவா ஊருக்காக அழறா” என்றார் விசுவநாதன். விழுங்கினேன். சபையின் காப்பி வந்ததும் அவர்கள் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்கள் ஊரில் காப்பித்தூள் அடியில் தங்கினபிறகுதான் குடிப்பார்களாம். எங்கள் காப்பியில் தங்குவதற்குத் தூள் இல்லை என்று விசுவநாதன் எடுத்துச் சொல்வதற்குள் ஆறிப்போயிற்று. அன்றைக்கு அவருக்கு வந்த ஒரே கோபம் அதற்குத்தான்.

பிறகு பேச்சு. எனக்கு இடது காதில் கிரேக்கம், வலது காதில் பாலக்காடு. ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டார். “தாய்நாட்டுக்கு என் ரத்தத்தைக் குடுப்பேங்கறார்.” பின்னாலிருந்து யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள். “பேரைக் குடுப்பாயான்னு கேக்கறா.” ரத்தக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஸ்தெபானு துரை எழுந்து பாகவதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். “ராஜா இல்லாத தேசம் தலை இல்லாத முண்டங்கறார்.” ஸ்பீரோ உட்கார்ந்தபடியே சொன்னார். “தலை லண்டன்ல சாப்பிட்டுண்டிருக்கு, வயிறு ஏதென்ஸ்ல பட்டினிங்கறார்.” சிரிப்பு. மராத்திக்காரர் என் தொடையைத் தட்டி, என்ன சிரிப்பு என்று இந்தியில் கேட்டார். பாட்டு நன்றாக இருந்ததாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் ஓட்டு. கை தூக்குங்கள் என்றார் துரை. யார் தூக்குகிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசை, மராத்திக்காரருக்கும் ஆசை. ஒரு கையும் அசையவில்லை. சீட்டில் எழுதிப் போடலாம் என்றார் ஸ்பீரோ. பாதிப்பேர் ஒரே கம்பெனிக் கணக்கர்கள். ஒருவர் கையெழுத்து மற்றவர்களுக்கு மனப்பாடம். அதுவும் வேண்டாம் என்றார்கள்.  

ஸ்பீரோ திரும்பி என்னைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார். கிரேக்கத்தில் ஏதோ சொன்னார், கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“ஒம்ம துண்டைக் கேக்கறார்” என்றார் விசுவநாதன்.

சந்தையில் மாட்டு வியாபாரிகள் எப்படி விலை பேசுவார்கள் என்று பார்த்திருக்கிறீர்கள். இரண்டு பேர் கையும் துண்டுக்கு அடியில். விரலைப் பிடித்தால் அவனுக்கும் இவனுக்கும் மட்டும் தெரியும். பஞ்சிலும் அந்த வழக்கம் உண்டு. அங்கே இருந்த கிரேக்கர் அத்தனை பேரும் பஞ்சுக்காரர்கள்தானே. கோவில்பட்டி ஆளே துண்டைப் போட்டுக்கொண்டு உட்காரட்டும், சம்மதம் என்றால் ஒரு விரல், இல்லை என்றால் இரண்டு விரல் என்று முடிவாயிற்று. துரை மறுப்பார் என்று நினைத்தேன். அவர் உடனே தலையாட்டினார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். என் பருத்தி அவர் கையில் இருக்கும்போது என் துண்டில் நடப்பது எங்கே போய்விடப்போகிறது?

வலது கை துண்டுக்குள். இடது கையில் கட்டைவிரலால் கணுக் கணுவாகச் சம்மதத்தை எண்ணினேன். ஒவ்வொருவராக வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டார்கள். வேர்த்த கை, மோதிரக் கை, நகம் கடித்த கை. வெளியே முகத்தில் ஒன்று, உள்ளே விரலில் ஒன்று. ஒரு கை மட்டும் வெகுநேரம் உள்ளேயே இருந்தது. இரண்டு விரலைக் கொடுத்தது. நான் விடப்போகும்போது இறுகப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு விரலை மடக்கிக்கொண்டு ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துபோயிற்று. யாருடையது என்று கேட்காதீர்கள். துண்டுக்குள் தெரிந்ததைத் துண்டுக்கு வெளியே சொன்னவன் அதற்குமேல் சந்தைக்குள் வரமுடியாது.

“சம்மதம் ஒன்பது. இல்லை எட்டு” என்றேன். விசுவநாதன் அதைக் கிரேக்கத்தில் சொன்னார்.

 பலர் எழுந்துபோய் ஸ்பீரோவைக் கட்டிக்கொண்டார்கள், கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். ஓட்டுப் போட்டது ஒன்பது பேர். கட்டிக்கொண்டவர்களையும் நான் எண்ணினேன், பழக்க தோஷம். பதின்மூன்று பேர்.

தந்தி எழுதினார்கள். கீழே அனுப்புகிறவர் பெயர் போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தந்தி ஆபீஸில் வாங்கமாட்டார்கள் என்றார் விசுவநாதன். அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் வீட்டில் குழந்தைக்கு ஜுரம் இருப்பது ஞாபகம் வந்தது. வாசலில் பூட்ஸ் தேடுகிற நெரிசல் வடாலா ஸ்டேஷனைத் தோற்கடித்தது. கூட்டத்தின் சார்பில் என்று எழுதி, ஸ்பீரோ தம் பெயரைப் போட்டார்.

“ஒம்போது பேர் இருக்கோம்ல, அண்ணாச்சி” என்றார் என்னிடம், சந்தோஷமாக.

நான்காம் நாள் துரை என்னைக் கூப்பிடவில்லை. தந்தியைத் தணிக்கைக்காரர்கள் படித்தாயிற்று என்றும், ஒரு வெள்ளைக்கார அதிகாரி துரையோடு டெலிபோனில் பேசினார் என்றும் விசுவநாதன் சொன்னார். அன்றைக்கு மாடுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டேன். ரேஷன் அரிசிக்குப் பொருத்தமாக அவரைக்காய் சாம்பாரிலும் கல்.

ஐந்தாம் நாள் கூப்பிட்டார். விசுவநாதனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் இங்கிலீஷில் கேட்டார். நான் மூன்றாம் பாரத்தில் பதில் சொன்னேன்.

“உனக்கு எல்லாம் தெரியும்.”

“ஒன்பதும் எட்டும் தெரியும், துரை.”

“யார் யார் என்பதும் தெரியும்.”

வந்தது கேள்வி என்று நினைத்தேன். எட்டுப் பேரா, ஒன்பது பேரா, யாரைக் கேட்கப்போகிறார்? மருமகன் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. “துண்டுக்குள் நடந்ததைச் சொல்லும் வழக்கம் இல்லை, துரை” என்றேன். 

“ஒருவரிடமும் சொல்லமாட்டாயா? ஸ்பீரோவிடம்?”

“சொல்லமாட்டேன்.”

“போலீஸ் கேட்டால்?”

“பதினேழு பேர் விஷயமும் அப்படித்தான், துரை.”

“பதினேழு” என்றார் அவர். நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு மற்றப் பதினாறு பேரைப் பற்றிக் கவலையே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “என் தங்கை ஏதென்ஸில்தான் இருக்கிறாள். கடிதம் இல்லை” என்றார். பிறகு தாமே எழுந்துவந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். உன் பருத்தியைப் பற்றி எழுதுகிறேன், ஊருக்குப் போ என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்பீரோவை வேலையிலிருந்து நீக்கினார். கடிதத்தை விசுவநாதனே டைப் அடித்தார். ராஜ விசுவாசம் இல்லாத ஒருவரை வைத்துக்கொள்ளக் கம்பெனியின் மனச்சாட்சி இடம் தரவில்லையாம். அதன் நகல் ஒன்று அந்த வெள்ளைக்கார அதிகாரிக்குப் போயிற்று.

நான் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு இங்கிலீஷ்கூட வேண்டாம். ஒரு விரலைக் காட்டியிருந்தால் போதும், துரைக்குப் புரிந்திருக்கும். கிழவர் தம் முக்காலியில் இருந்திருப்பார். வழக்கத்தை மீறக்கூடாது என்று நான் சும்மா இருந்தேனா, கருங்கண்ணி விற்கவேண்டும் என்று சும்மா இருந்தேனா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆறாம் நாள் மாடுங்காவில் ஒரு காப்பி கிளப்பில் ஸ்பீரோ எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஒரு பெட்டி, ஒரு குடை. கராச்சியில் ஒரு கிரேக்கர் கம்பெனியில் வேலை கேட்கப் போகிறார். “அவன் எப்படி?” என்றேன். “அவனும் ராஜா கச்சிதான்” என்று சிரித்தார்.

“என்னோட சேந்த எட்டுப் பேரும் யாருன்னு எனக்குத் தெரியும், அண்ணாச்சி” என்று விரல்விட்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும், “என்னைக் கட்டிக்கிட்டு அழுதான் பாத்தியளா?” என்றார். எட்டுப் பெயரில் நாலு தப்பு. நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வழியனுப்ப யாரும் வரலையா?”

“போலீஸ் பாக்கும்லா? பாவம், பிள்ளகுட்டிக்காரனுவ.” காப்பியை ஆற்றினார். “ஸ்தெபானு மட்டும் ரெண்டு விரல அழுத்தி நெரிச்சிருப்பான், இல்லையா? ஒமக்குக் கை வலிச்சிருக்கும்.”

உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது, பிள்ளைகளே. சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, இன்னும் வலித்திருக்குமா என்று தெரியவில்லை.

“துண்டுக்குள்ள உள்ளது துண்டுக்குள்ள, அண்ணாச்சி” என்றேன்.

என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “நீர் யாவாரி” என்றார். குடையை எடுத்துக்கொண்டு தாதர் பக்கம் நடந்துபோனார். நான் தாராவிக்கு வந்தேன். உங்கள் மாமா நான்காவது தீர்மானத்துக்கு என்னிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். பெயரை முழுசாக, இனிஷியலோடு.

ஊருக்கு வந்த பிற்பாடு நடந்தது உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, அத்தனை பருத்தியையும் எடுத்துக்கொள்கிறார்கள். முதலாளி என் தோளில் கைபோட்டார். மருமகன் வேறு நாற்காலி பார்த்துக்கொண்டான். அம்மா பாயசம் வைத்தாள். எந்தச் சாமர்த்தியத்தால் முடித்தீர் என்று ஊரே கேட்டது. அந்தக் கடிதத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். முதல் தரம் என்று போட்டிருந்தது. ஈரத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தரம் பார்த்தவர் என்ற இடத்தில் புதிதாக ஒரு பெயர். நம் பஞ்சை அவர் தொட்டுப் பார்த்ததே இல்லை. மாடுங்கா மண்டபத்தில் ஸ்பீரோவை முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவர் அவர்.

பொதிகள் ரயிலுக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பொதிகளுக்குக் குறி போடும் கறுப்பு மைத் தகரம் கிடங்கில் திறந்தபடி இருந்தது. கதவைச் சாத்தினேன். ஓரமாக இருந்த ஒரு பொதியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கம்பெனிக் குறிக்குக் கீழே, பிரஷின் நுனியால் தமிழில் எழுதினேன்: தரம் பார்த்தவர் ஸ்பீரோ. அந்தக் கம்பெனியில் இனி அதைப் படிக்கத் தெரிந்தவர் விசுவநாதன் ஒருவர். அவர் கிடங்குப் பக்கம் போகிறவர் இல்லை.

மை காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். பிறகு எழுத்து சுவரைப் பார்க்கும்படி பொதியைத் திருப்பிவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தேன்.